திரையில் அடித்த ஆறு மணி

என் நாட்குறிப்பில் 2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் இப்படித் தொடங்குகிறது: “மாலை, பங்கு மண்டபம். பிலிப்பைன்ஸ் படம், ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த காலத்துக் கதை. நாற்காலி போதவில்லை. சமையல்காரர் தன் அம்மாவைப் பார்த்துவிட்டதாகச் சொல்கிறார்.”

‘பார்த்துவிட்டார்’ என்று எழுதவில்லை. அன்றைக்குப் பேனா ஓடிய வேகத்தில் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நிற்கின்றன. அவ்வளவு பரபரப்பிலும் ‘சொல்கிறார்’ என்று சேர்த்திருக்கிறேன்.

நான் நாசரேத்துக்காரன். தூத்துக்குடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தக் கப்பல் எந்தத் தேதியில் வந்தது, என்ன சரக்கு, எப்போது போனது என்று எழுதி எழுதியே ஆயுள் கழிந்ததால், இப்போதும் தேதி இல்லாமல் எதையும் நினைவில் வைக்கத் தெரியாது. மாலை வேளைகளில் துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் மாலுமிகள் மையத்தில் போய் உட்காருவேன். வெளிநாட்டு மாலுமிகளுக்கு சிம் கார்டு வாங்கிக் கொடுப்பது, மருந்துக்கடைக்கு வழி சொல்வது, வைஃபை கடவுச்சொல்லை நாளுக்கு நூறு தடவை சொல்வது, இவைதான் அங்கே என் ஊழியம்.

அந்தச் சமையல்காரர் மையத்துக்கு வந்தது ஆகஸ்ட் 15, வியாழன். விடுமுறை நாள் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. நிலக்கரி இறக்க வந்த கப்பல். நாற்பதைத் தாண்டிய, குட்டையான, தோள் அகன்ற பிலிப்பைன்ஸ்காரர். அரிசியைக் கழுவக் கழுவ கரித்தூள் வருகிறது என்று அலுத்துக்கொண்டே உள்ளே வந்தார். உங்களுக்குக் கப்பலில் எங்கே வேலை என்று கேட்டேன். ‘குசினா’ என்றார். பக்கத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்த நம்மூர்க்காரர்கள் இருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். இங்கே கடற்கரைத் தெருக்களில் இன்றும் சமையலறை குசினிதான். அவர்கள் மேசையைத் தட்டிக் காட்ட, அவர் ‘மேசா’ என்றார். ஜன்னலைக் காட்டினார்கள், அது ஒத்துவரவில்லை. ஆனாலும் அதற்குள் அவரை உறவுக்காரராக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அவர் வந்தது வைஃபைக்காக. ஒரு படம் இறக்க வேண்டும், பெரிய கோப்பு, கப்பலில் இருக்கும் இணையத்தில் நடக்காது என்றார். என்ன படம் என்று கேட்டேன். யுத்தப் படம், எங்கள் நாட்டை ஜப்பானியர் பிடித்துவைத்திருந்தபோது நடக்கிற கதை, நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊரில்தான் எடுத்தார்கள் என்றார். எந்த வருஷம் என்று கேட்டேன். அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. எனக்கு ஐந்து வயது, அல்லது ஆறு, என்றார்.

பிறகு, நான் கேட்காமலே, மீதியையும் சொன்னார். அவருடைய அம்மா அந்தப் படத்தில் சந்தைக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றிருக்கிறார். மகனையும் கையோடு கூட்டிப் போயிருக்கிறார். அதற்கு அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். கொஞ்ச காலம் கழித்து வந்த ஒரு புயலில் வீடு முழுவதும் போயிற்று. வீட்டிலிருந்த புகைப்படங்களும் போயின. அப்பாவும் இப்போது இல்லை. அம்மாவின் முகம் இருக்கிற ஒரே இடம் அந்தப் படம்தான். அதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. படம் திரையரங்குகளில் அதிக நாள் ஓடவில்லை; பிறகு கிடைக்கவும் இல்லை. இப்போதுதான் யாரோ ஒரு பழைய பிரதியைக் கணினிக்கு மாற்றி இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் சுட்டியை அனுப்பியிருந்தார்.

“தோளுக்குக் கீழே எல்லாம் நினைவிருக்கிறது சார்,” என்றார். “பாவாடை, கால், கை. கை நன்றாக நினைவிருக்கிறது. என் உயரத்துக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது போல. முகம் மட்டும் இல்லை.”

சொல்லும்போது தன் தோளுக்கு நேராக உள்ளங்கையை மட்டமாக வைத்துக் காட்டினார், தண்ணீர் மட்டம் காட்டுவதுபோல.

எனக்கு அந்த இடத்திலேயே காய்ச்சல் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. தேதி தெரியாத ஒரு படம், அதில் பெயர் தெரியாத ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தில் ஒரு முகம். என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்று இரவே பதிவிறக்கத்தைத் தொடங்கினோம். மையத்தின் இணையம் சனிக்கிழமை இரண்டு முறை அறுந்தது. மறுபடி முதலிலிருந்து.

இதற்கிடையில் அந்தத் தம்பியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவர் படத்தைப் பார்த்துவிட்டார். பாதிக்குக் கொஞ்சம் மேலே போனதும் சந்தைக் காட்சி வருகிறது. கோயில் மணி அடிக்க, கூட்டம் முழுவதும் அப்படியே நிற்கிறது. ஆனால் பிரதி ரொம்ப மோசம், போனில் பார்த்தால் எறும்புக் கூட்டம் மாதிரி இருக்கிறது, ஏதாவது பெரிய திரையில் போட்டுப் பார்த்தால்தான் உண்டு என்று எழுதியிருந்தார். பெரிதாக்கினால் புள்ளிகள்தான் பெரிதாகும், அது எனக்கும் தெரியும். ஆனாலும் பெரிய திரையைத் தள்ளி நின்று பார்க்கும்போது புள்ளிகள் கூடி முகமாகும். கப்பல் திங்கள் காலை புறப்படுகிறது. அடுத்த துறைமுகத்தில் இப்படி ஓர் ஏற்பாடு கிடைக்குமா என்று யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரிந்த பெரிய திரை, கடற்கரைப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கின் மண்டபத்தில் இருந்தது. கால்பந்து உலகக்கோப்பைக்காக வாங்கியது. பங்குத்தந்தை எனக்குப் பழக்கம். பழைய முத்துக்குளிப்புக் காலத்துக் கல்லறைக் கல்வெட்டுகளின் தேதிகளைப் பற்றி இருவரும் மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். விஷயத்தைச் சொன்னேன். சாவியைத் தருகிறேன், ஆனால் இரண்டு பேருக்காக மண்டபத்தைப் பூட்டிக்கொண்டு படம் பார்க்கக் கூடாது, ஊருக்கே போட வேண்டும், தமிழில் கதையும் சொல்ல வேண்டும் என்றார். சரி என்றேன். சமையல்காரரும் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: அம்மா விஷயத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம், எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், கூச்சமாக இருக்கும். அதற்கும் சரி என்றேன்.

ஞாயிறு காலை பூசை முடிந்து பங்குத்தந்தை அறிவிப்பில் சொல்லிவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் மண்டபத்தில் நாற்காலி இல்லை. பாய் விரித்தார்கள். மீன்கூடை வைக்க இடமில்லாமல் ஒரு அம்மா கூடையோடு வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார். கோப்பு பதிவிறங்கி முடிந்தது அன்று மதியம்தான். சமையல்காரர் கப்பலில் இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே செய்து மூடி வைத்துவிட்டு, எட்டு மணி வரை அனுமதி வாங்கிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து சேர்ந்தார். பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தார்.

திரைக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதில் கணினி. கணினியை இயக்கியவர் அந்தப் பகுதியில் மைக்செட் வாடகைக்கு விடும் அண்ணாச்சி. ஒரு பக்கம் அவர், நடுவில் நான் ஒலிவாங்கியோடு, மறுபக்கம் சமையல்காரர். படம் தகாலோக் மொழியில். துணைவரி எதுவும் கிடையாது. அவர் என் காதில் ஆங்கிலத்தில் சொல்ல, நான் மைக்கில் தமிழில் சொல்வதாக ஏற்பாடு.

படம் போடுவதற்கு முன் சின்ன முன்னுரை சொல்லலாம் என்று எழுந்தேன். 1942 ஜனவரி 2 அன்று ஜப்பானியப் படை மணிலாவுக்குள் நுழைந்தது என்றேன். அதே ஆண்டு ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, நமக்கு எதிர்த்தாற்போல் இருக்கும் கொழும்பில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன என்றேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், தன் அப்பா அப்போது கொழும்பில் கடையில் இருந்தார், குண்டு விழுந்த வாரத்திலேயே தோணி பிடித்து இங்கே வந்துவிட்டார் என்று எழுந்து சொன்னார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எந்தத் தோணி, எந்தக் கடை என்று கேட்கத் தொடங்கினேன். மைக்செட் அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“தேதி எல்லாம் நாளைக்குச் சொல்லலாம் அண்ணாச்சி. பிள்ளையளு அழுதுரும்.”

படம் தொடங்கியது. நிறங்கள் மங்கி, எல்லாம் ஒரே செம்பழுப்பாக இருந்தன. வானம்கூடத் தேநீர் நிறம். கதை புரிந்துகொள்ள எளிதானது. ஒரு சின்ன ஊர். அதில் ரொட்டிக்கடை நடத்தும் ஒரு பெண். ஜப்பானிய அதிகாரி ஒருவன் அவள் வீட்டு முன்னறையை எடுத்துக்கொள்கிறான். வழியில் சிப்பாயைக் கண்டால் இடுப்பு வரை குனிய வேண்டும். குனியாத ஒரு பெரியவரைக் கன்னத்தில் அறைகிறார்கள். அவள் தம்பி மலையில் எதிர்ப்புப் படையோடு இருக்கிறான். ரொட்டிக்குள் சீட்டு வைத்து அவனுக்குச் செய்தி அனுப்புகிறாள்.

முதலில் மொழிபெயர்ப்பு தள்ளாடியது. சமையல்காரர் நீளமாகச் சொல்வார், நான் சுருக்கிச் சொல்வேன். பாயில் இருந்தவர்கள் விடவில்லை. அவரு அம்புட்டு நேரமா பேசுதாரு, நீங்க ரெண்டு வார்த்தையில முடிக்கீங்களே, மிச்சத்த நீங்களே வச்சுக்கிட்டீங்களா என்று ஒரு குரல் வந்தது. அதன்பிறகு நான் ஒன்றையும் விடவில்லை. அந்த ஜப்பானிய அதிகாரிக்குக் கர்ஜனையான ஒரு குரல்கூடக் கொடுத்தேன். அலுவலகத்தில் என் கீழே வேலை பார்த்தவர்கள் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

அடுத்து, காட்டிக்கொடுப்பவன் வரும் காட்சி. ஊர் ஆண்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். தலையில் ஓலைப் பையைக் கவிழ்த்துக்கொண்டு, அதில் கண்ணுக்கு இரண்டு துளை போட்டுக்கொண்டு, ஒருவன் வருகிறான். யார் முன்னால் நின்று விரலை நீட்டுகிறானோ அவரைக் கொண்டுபோய்விடுகிறார்கள். உண்மையிலேயே இப்படி நடந்தது என்று நான் படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பையைப் பார்த்ததும் மண்டபத்தில் ஏற்பட்ட கலவரத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அச்சு அசலாக உடன்குடியில் கருப்பட்டி போட்டுத் தரும் ஓலைப்பெட்டி.

“நம்ம பெட்டியத்தாம்லே கவுத்துக்கிட்டு வாரான்,” என்றார் ஒருவர்.

மீன்கூடையோடு வாதாடிய அம்மா, அவன் நடையை வைத்து அவன் யாரென்று கண்டுபிடித்துவிட்டேன், ரொட்டிக்கடைக்கு மாவு கொண்டுவருகிறவன்தான் என்று அறிவித்தார். சமையல்காரரிடம் கேட்டேன். தனக்கும் தெரியாது, தானும் முதல்முறையாகத்தான் பார்க்கிறேன் என்றார். சிறிது நேரத்தில் அந்த அம்மா சொன்னது சரியில்லை என்று தெரிந்தது. அவன் பள்ளிக்கூட ஆசிரியன். மண்டபம் அவரைக் கேலி செய்து ஓய்வதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது.

இங்கே அந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் இருப்பவர்களுக்குச் சமிக்ஞை போகிறது என்று சந்தேகப்பட்டு, அதிகாரி கோயில் மணி அடிக்கத் தடை போடுகிறான். மணிக்கயிற்றையே அறுத்துக் கொண்டுபோய்விடுகிறான். தினமும் காலை, மதியம், மாலை அடித்த மணி நின்றுபோகிறது. படம் அந்த மௌனத்தை நன்றாகக் காட்டியது. ஊர் மக்கள் வெயிலைப் பார்த்து நேரத்தைக் கணக்கிட்டு, உதட்டை அசைக்காமல் செபம் சொல்கிறார்கள். கடைசியில் ரொட்டிக்கடைக்காரி, அடுப்பு கிளறும் இரும்புக் கம்பியைப் பாவாடைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு கோபுரத்தில் ஏறுகிறாள்.

சமையல்காரர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது சந்தைக் காட்சி வரப்போகிறது என்று எனக்குப் புரிந்தது. நானும் மைக்கை மேசையில் வைத்துவிட்டேன். கீழே சந்தை. கூட்டம். சிப்பாய்கள். மேலே அவள் கம்பியை ஓங்குகிறாள்.

மணி அடித்தது. மைக்செட் அண்ணாச்சியின் ஒலிபெருக்கியில் அது மண்டபத்தின் தகரக்கூரை வரை அதிர்ந்தது.

மண்டபம் மொத்தமும் எழுந்து நின்றது.

எனக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. நாற்காலியில் இருந்தவர்கள், பாயில் இருந்தவர்கள், மடியில் பிள்ளை வைத்திருந்தவர்கள், எல்லாரும் எழுந்து, கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பி, சிலுவை போட்டுக்கொண்டு, ஒரே குரலில் செபம் சொல்லத் தொடங்கினார்கள். பிறகுதான் உறைத்தது. மணி ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருக்கும் அவர்கள் கோயிலில் ஆறு மணிக்கு மூவேளை செபத்துக்கான மணி அடிக்கும். அடித்தால் வலையை விட்டு, குழம்பை விட்டு, பேச்சை விட்டு எழுந்து நிற்பது அந்தத் தெருக்களில் பிறந்ததிலிருந்து இருக்கும் பழக்கம். நாங்கள் நாசரேத்துப் புராட்டஸ்டண்டுகள், வேறு விதமாக வளர்ந்தவர்கள். எங்கள் கோயில் மணிக்கு நாங்கள் கடிகாரத்தைத்தான் பார்ப்போம். மணி அடிக்கும் என்று அந்தத் தம்பியின் செய்தியிலிருந்து எனக்கு முன்பே தெரியும். அது இப்படிச் செய்யும் என்று தோன்றவே இல்லை.

திரையில் சந்தைக் கூட்டம் அசையாமல் நின்றது. சிப்பாய்கள் கலைந்து போகச் சொல்லிக் கத்துகிறார்கள், ஒருவரும் அசையவில்லை. திரைக்கு முன்னால் எங்கள் கூட்டமும் அப்படியே நின்றது. ஒரு நொடி எது திரை, எது மண்டபம் என்று பிரிக்க முடியவில்லை. சமையல்காரருக்கு ஒன்றும் மறைக்காதபடி மேசை முன்னாலேயே இருந்தது, நல்லவேளை என்று நினைத்து அவர் பக்கம் திரும்பினேன்.

அவரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். தலை குனிந்து, கண்கள் இறுக மூடி, உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

அவரைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்தபோது சந்தை போய்விட்டது. சிப்பாய்கள் கோபுரத்தின் படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் தேடியதை அவர் செபம் சொல்லித் தவறவிட்டிருந்தார். அந்தக் காட்சி ஓடியபோது அந்த மண்டபத்தில் திரையைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். எனக்கோ யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியாது.

மைக்செட் அண்ணாச்சி படத்தை நிறுத்தினார். செபம் முடிந்து உட்கார்ந்தவர்கள், ஏன் நிறுத்தினீர்கள், அவள் மாட்டிக்கொண்டாளா, தப்பித்தாளா என்று சத்தம் போட்டார்கள். அதற்குள் ஒரு இளம்பெண் தன் போனைப் பார்த்து, இன்னும் ஆறு ஆகவில்லையே, அப்படியானால் அடித்தது யார் மணி என்று கேட்டாள். பிறகு மண்டபம் சிரித்த சிரிப்பில் கூரைப் புறாக்கள் பறந்தன. மீன்கூடை அம்மா தன் பக்கத்தில் இருந்தவரை இடித்து, ஏளா, சினிமா மணிக்குச் செபம் சொல்லிட்டோமே, கணக்குல சேருமா சேராதா என்று கேட்டார். பங்குத்தந்தை பின்வரிசையில் இருந்து, சேரும், சேரும் என்றார். அவரும் எழுந்து நின்றவர்தான்.

எல்லாரும் சிரிக்க, சமையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவரிடம் குனிந்து கேட்டேன், எல்லாரிடமும் சொல்லட்டுமா என்று. தலையை ஆட்டினார். மைக்கை எடுத்தேன். இந்தக் காட்சி இவருடைய சொந்த ஊரில் எடுத்தது, அந்தக் கூட்டத்தில் இவருடைய அம்மா நிற்கிறார், அம்மாவின் படம் உலகத்தில் வேறெங்கும் இல்லை, அந்த முகத்தை இவர் மறந்துபோனார், பார்க்கத்தான் வந்தார், நம்மோடு சேர்ந்து கண்ணை மூடிவிட்டார் என்று சொன்னேன். இவ்வளவுதான் சொன்னேன்.

மீன்கூடை அம்மாதான் முதலில் எழுந்தார். எழுந்து நேராகத் திரைக்கு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார். பின்னாலேயே இன்னும் சில பெண்கள். படத்தைப் பின்னுக்கு ஓட்டச் சொன்னார்கள். அம்மாவுக்கு என்ன அடையாளம் என்று கேட்கச் சொன்னார்கள். அடையாளம் தெரியாது, ஆனால் தன்னை அடையாளம் காட்ட முடியும் என்றார் சமையல்காரர். படப்பிடிப்பில் எல்லாரும் அசையாமல் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். இவர் மட்டும் நெளிந்துகொண்டே இருந்ததால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்ததாம்; அப்பா இருந்தவரை அதற்காக அவருடைய கேலிக்கு ஆளாகியிருக்கிறார். அப்படியானால் அசைகிற பிள்ளையைப் பிடித்தால் அம்மாவைப் பிடித்துவிடலாம் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். இந்த வழி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

மைக்செட் அண்ணாச்சி முன்னெச்சரிக்கையாக ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, காட்சியின் தொடக்கத்துக்குப் போனார். விளக்கை அணைத்தார்கள். கோபுரத்தில் கம்பி சத்தமில்லாமல் மணியில் மோதியது. அந்த நொடியில் வெளியே உண்மையான கோயில் மணி அடித்தது.

பழக்கம் விடுமா? பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். மீதிப் பேர் எழுவதா வேண்டாமா என்று பாதியில் நின்றார்கள். பங்குத்தந்தையின் குரல் பின்னாலிருந்து வந்தது, பிரசங்கக் குரல் இல்லை, வீட்டுக் குரல்.

“உக்காருங்க. அவரு அம்மாவப் பாக்கட்டும். நாமதான் சொல்லிட்டோம்லா.”

எல்லாரும் உட்கார்ந்தார்கள். வெளியே மணி அடித்துக்கொண்டே இருக்க, உள்ளே சத்தமில்லாத சந்தையில் கூட்டம் நின்றது. கேமரா இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தது. கூடைக்காரிகள், ஒரு கிழவர், கோழியைப் பிடித்திருக்கும் ஒருத்தி, தொப்பியைக் கழற்றிய வண்டிக்காரர்.

“அங்கன பாரு, அசையுது,” என்று ஒரு பெண் கத்தினாள். அது நாய். அடுத்து அசைந்தது காற்றில் ஆடிய ஒரு துணி. மூன்றாவதாக, வலது ஓரத்தில், இரண்டு பெண்களுக்கு நடுவே, ஒரு பையன். நெளிகிறான். ஒரு காலைத் தூக்கி மறு காலில் தேய்க்கிறான். நிறுத்து, நிறுத்து என்று மண்டபமே சொன்னது. நிறுத்தினார்கள். பின்னுக்குப் போய் மறுபடி ஓட்டினார்கள். பையன் நெளிகிறான், பின்னாலிருந்து ஒரு கை வந்து அவன் உச்சந்தலையில் அமர்ந்து, அழுத்தி, அவனை நிறுத்துகிறது. பையன் நின்றுவிடுகிறான். கை அங்கேயே இருக்கிறது.

சமையல்காரர் தன் வலது கையைத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். வைத்தவர் எடுக்கவில்லை.

“அந்தக் கைதான்,” என்றார் என்னிடம்.

எந்தப் பெண்ணுடைய கை என்பதில்தான் சண்டை வந்தது. பையனுக்கு இடப்பக்கம் ஒருத்தி, வலப்பக்கம் ஒருத்தி. இருவரும் இளம்பெண்கள். கை பையனின் முதுகுப் பக்கத்திலிருந்து வருவதால் அது யாருடைய தோளில் தொடங்குகிறது என்று தெரியவில்லை. இடப்பக்கப் பெண்ணின் முகம் நேராகத் தெரிகிறது. வலப்பக்கப் பெண் முக்காடு போட்டு, கொஞ்சம் குனிந்திருக்கிறாள். காட்சி முடியும் நேரத்தில் அவள் முகத்தைச் சற்றே நிமிர்த்திப் பையனைப் பார்க்கிறாள். அவ்வளவுதான், வெட்டிவிடுகிறார்கள்.

திரும்பத் திரும்ப ஓட்டினோம். மண்டபம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இடப்பக்கப் பெண்ணின் தோள் அந்த நேரத்தில் அசைகிறது என்று ஒரு கட்சி. வலப்பக்கப் பெண்தான் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கிறாள், வேறென்ன சாட்சி வேண்டும் என்று இன்னொரு கட்சி. கொழும்புப் பெரியவர் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டு, மூக்கு உரசும் தூரத்தில் பார்த்துவிட்டு, கிட்டப் போனால் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பினார். ஒரு மீனவர், பையனின் மூக்கையும் சமையல்காரரின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்து, பையன் இவர்தான், அதில் சந்தேகமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அதை யாரும் மறுக்கவில்லை. மீன்கூடை அம்மா வலப்பக்கக் கட்சி.

“பெத்தவ கைதான் இப்படி அமுக்கும். மத்தவ கை தடவும்.”

“நீ எம்பிள்ளையப் போன வாரம் அமுக்குன அமுக்குல கழுத்து இன்னும் நிமிரல,” என்றார் இடப்பக்கக் கட்சியில் இருந்த பெண்.

இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது சமையல்காரர் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, அந்தக் காட்சியின் கடைசி ஃபிரேமில் நிறுத்தச் சொன்னார். வலப்பக்கப் பெண் நிமிரும் இடம். விளக்கைப் போட்டார்கள், வேண்டாம், அணைத்தே வையுங்கள் என்றார். மண்டபத்தின் கடைசி வரை நடந்து போய், கதவருகில் நின்று அங்கிருந்து பார்த்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். உண்மையிலேயே அந்தத் தூரத்திலிருந்து புள்ளிகள் கூடின. செம்பழுப்பு நிறத்தில், முக்காட்டுக்குள் ஒரு வட்ட முகம். வாய் லேசாகத் திறந்திருந்தது. கோபமா, சிரிப்பை அடக்குகிறாளா என்று சொல்ல முடியாது. அவர் வெகுநேரம் பார்த்தார். போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். பிறகு, சட்டப்படி நடக்கிற ஆள் போல, முன்னால் வந்து இடப்பக்கப் பெண்ணையும் தனியாகப் படம் பிடித்துக்கொண்டார்.

மீதிப் படத்தையும் போட வேண்டும் என்று கூட்டம் பிடிவாதம் பிடித்தது. போட்டோம். ஆனால் சமையல்காரர் இனி மொழிபெயர்க்கும் நிலையில் இல்லை; போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வசனத்தை மண்டபமே பார்த்துக்கொண்டது. அதிகாரி வாயைத் திறந்தால் ஒருவர் தமிழில் அதட்டுவார். ரொட்டிக்கடைக்காரிக்காக மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். தம்பி மலையிலிருந்து இறங்கி வந்தபோது கை தட்டிய தட்டலில், அவன் என்ன சொன்னான் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. ரொட்டிக்கடைக்காரி சாகும்போது மட்டும் யாரும் குரல் கொடுக்கவில்லை. அவள் தகாலோக்கிலேயே பேசிச் செத்தாள்.

எட்டு மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும். மைக்செட் அண்ணாச்சி தன் வண்டியிலேயே துறைமுக வாசல் வரை கொண்டுவிட்டார். புறப்படும்போது பெண்கள் சமையல்காரரைச் சுற்றி நின்று, வலப்பக்கம்தான், சந்தேகமே வேண்டாம் என்றும், இடப்பக்கத்தையும் விட்டுவிடாதே என்றும் தமிழிலேயே அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னிடம், அம்மாவுக்கு இவ்வளவு சின்ன வயதாக இருக்கும் என்று நினைக்கவில்லை, என்னைவிட எவ்வளவோ சின்னப் பெண்ணாக இருக்கிறாள் என்றார்.

கப்பல் 19ஆம் தேதி காலை புறப்பட்டது. அன்று முழுவதும் எனக்கு நிலைகொள்ளவில்லை. இரண்டு படங்களையும் அவர் தன் சித்திக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, அனுப்பியிருந்தார். அம்மாவை நேரில் பார்த்தவர்களில் இப்போது எட்டக்கூடியவர் அவர் ஒருவர்தான். சித்திக்குக் கண்ணில் புரை. பேத்தி பக்கத்தில் இருந்து விவரிக்க வேண்டியிருந்தது. பதில் வந்தது ஆகஸ்ட் 27, செவ்வாய். முகத்தைப் பற்றிச் சித்தி ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் படப்பிடிப்புக்குப் போன அன்று அக்கா தன்னுடைய பச்சை உடுப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள், திருப்பித் தரவே இல்லை, பச்சையாக இருப்பவள்தான் அக்கா என்று சொல்லியிருந்தார்.

அந்தப் பிரதியில் பச்சை என்ற நிறமே இல்லை. மரங்கள்கூடப் பழுப்பாகத்தான் இருக்கின்றன. இரண்டு பெண்களின் உடுப்புகளையும் கணினியில் நிறத்தைக் கூட்டியும் குறைத்தும் பல மாலைகள் பார்த்துவிட்டேன். இரண்டும் ஒரே பழுப்பு. கோப்பை ஏற்றியவருக்கு, நல்ல நிறத்தோடு வேறு பிரதி எங்காவது இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. படம் வெளியான ஆண்டும் எனக்கு இன்னும் தெரியாது. தொடக்கப் பெயர்கள் வரும் பகுதி அந்தப் பிரதியில் வெட்டுப்பட்டிருக்கிறது.

சமையல்காரருக்கு இதெல்லாம் கவலையில்லை. வாட்ஸ்அப்பில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இப்போது இருப்பது முக்காடு போட்ட அந்த வட்ட முகம்தான். பங்கு மண்டபத்துப் பெண்களிடமும் அதைக் காட்டினேன். இடப்பக்கக் கட்சி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பையன் அவர்தான் என்று நானும் நம்புகிறேன். கை யாருடையது என்பதற்குச் சான்று இல்லை. வலப்பக்கத்தில் நிற்பவர் அவருடைய அம்மா என்பது, இதை எழுதும் நாள்வரை, சரிபார்க்கப்படாத தகவல்.